மேகலாவுக்கும் அதே ஏழு நாள்

என் கோபத்தைப் பற்றிப் பெரம்பலூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துறையூர் ரோட்டில் முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வந்தவர்களைவிடக் கோபித்துக்கொண்டு போனவர்கள்தான் அதிகம் என்பது என் மனைவியின் கணக்கு. அப்படிப்பட்ட வேணுகோபாலாகிய நான், என்னைவிட இருபது வயது சின்னவள் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இன்று நடக்கிறேன். எப்படி என்று பலர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

அவள் பெயர் மேகலா, ஊர் விக்கிரமங்கலம். அப்பா அய்யம்பெருமாள் அடுத்தவர் வயலில் கூலிக்கு மோட்டார் போட்டுவிட்டு மடை மாற்றப் போனவர். மோட்டார் ஓடாவிட்டால் பழி அவர் மேல்தான் விழும். அவன் என்னத்தையோ அமுக்கிவிட்டான் என்பார்கள். எதனால் ஓடவில்லை என்று அவருக்கும் தெரியாது, பழி சொன்னவருக்கும் தெரியாது. இதைப் பார்த்து வளர்ந்தவள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் எடுத்துப் படித்தாள். படித்து முடித்து அரியலூரில் ஒரு பம்ப்செட் கடையில் சர்வீஸ் பார்க்கச் சேர்ந்தாள்.

அந்தக் கடைக்குச் சுற்றுவட்டார மெக்கானிக்குகள் கருகிய காயிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். திங்கட்கிழமை ஒருவர் கொண்டுவரும் அதே பழுதை வியாழக்கிழமை இன்னொருவர் கொண்டுவருவார். இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஒருவர் கண்டுபிடித்ததை மற்றவரிடம் சொல்ல மாட்டார். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். நான் மட்டும் யோக்கியனா? கூடப் பிறந்த தம்பியிடமே காயிலுக்கு எத்தனை சுற்று என்பதைச் சொல்லாமல் மறைத்தவன் நான்.

கொரோனா ஊரடங்கில் பஸ் நின்றது. மோட்டார் கருகுவது மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு அழ ஆரம்பித்தார்கள். ஒரே பதிலை ஒன்பது பேருக்குச் சொல்லிச் சலித்துப்போன மேகலா, டெலிகிராமில் ‘மோட்டார் சந்தேகம்’ என்று ஒரு குழுவைத் தொடங்கினாள். முதல் நாள் பதினோரு பேர். பழைய பதிலைத் தேடி எடுக்க அதுதான் வசதி என்று சொல்லி, அந்தச் செயலியைப் போனில் எப்படி ஏற்றுவது என்று ஆளாளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கடையில் போனிலேயே சாமான் சொல்லி வாங்குபவன் நான். எனக்குச் சொல்லும்போது மூன்று முறை போனைத் துண்டித்தேன். நாலாவது முறையும் கூப்பிட்டாள்.

குழுவுக்கு அவள் போட்ட சட்டம் நாலே நாலு. முதலாவது, சந்தேகம் கேட்பவர் மூன்று பேஸின் வோல்ட்டும் ஆம்பியரும் அளந்து போட வேண்டும். அளவு இல்லாமல் யாரும் பதில் சொல்லக் கூடாது. இரண்டாவது, காலை வணக்கம், பூப்படம், சாமிப்படம், கட்சிப் பேச்சு எதுவும் கூடாது. மூன்றாவது, பழுது சரியானதும் ‘முடிவு’ என்று தலைப்புப் போட்டுக் கடைசியில் எது கோளாறு என்று கேட்டவரே எழுத வேண்டும். சட்டத்தை மீறினால் செய்தி போய்விடும், மீறியவர் ஏழு நாள் எழுத முடியாது. சொந்த மாமனார் அனுப்பிய காதுகுத்து அழைப்பையே தூக்கிவிட்டு அவருக்கும் ஏழு நாள் கொடுத்தாள். தூக்கிய ஒவ்வொன்றையும் யாருடையது, என்ன எழுதியிருந்தார், ஏன் தூக்கினாள் என்று ஒரு நீள நோட்டில் கையால் எழுதி வைப்பாள். கேட்டால் காட்டுவாள்.

நாலாவது சட்டம்தான் என்னைப் பிடித்தது. குழுவில் கண்டன்சரைப் பற்றிப் பேசக் கூடாது.

விவசாயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து போர் மோட்டார், அதாவது ஆழ்துளைக் கிணற்று மோட்டார், மூன்று பேஸில் ஓடுவது. நாள் முழுக்க மூன்று பேஸ் கரண்ட் வராது, சில நேரம் இரண்டுதான் வரும். அந்த நேரத்தில் கண்டன்சர் என்ற டப்பாவை இடையில் மாட்டினால், இரண்டு பேஸிலேயே மோட்டார் ஓடும். அது விதிப்படி கூடாது. ஆனால் பயிர் வாடும்போது விதியைப் பார்த்துக்கொண்டு உட்கார யாருக்கும் மனசு வராது. ஆகவே எல்லாரும் மாட்டுவார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள்.

குழு தொடங்கி மூன்றாவது வருடம், லால்குடிப் பக்கத்து ஆள் ஒருவர், மத்தியானத்தில் மட்டும் மோட்டார் நிற்கிறதே என்று கேட்டிருந்தார். நான் எழுதினேன்: “மத்தியானம் டூ பேஸ். அளவு எடுத்தபோது கண்டன்சர் மாட்டியிருந்ததா என்று முதலில் பாருங்கள். அது உப்பியிருக்கும். மோட்டாரைத் தொடாதீர்கள்.” முப்பது வருட அனுபவம் அந்த நாலு வரி. ஒரு நிமிடத்தில் அது காணாமல் போனது. என்னால் மேற்கொண்டு ஓர் எழுத்துக்கூட எழுத முடியவில்லை.

மேகலாவே போனில் கூப்பிட்டாள். “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. குழுவுல ஈ.பி. ஆளுங்களும் இருக்காங்க. ஒரு விவசாயி மேல கேஸு வந்துச்சுன்னா அப்புறம் யாரும் இங்க வாயத் தொறக்க மாட்டாங்க” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு அன்று நியாயம் தேவைப்படவில்லை. ஒரு பெண், அதுவும் கூலிக்கு மடை மாற்றியவர் மகள், என் வாயை அடைப்பதா என்றுதான் தோன்றியது. அப்படி நினைத்ததை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நினைத்தேன்.

ஏழு நாள் முடிந்து பூட்டைத் திறந்துவிட்டாள். நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. தினமும் படிப்பேன், அங்கே கற்றதைக் கடையில் செய்தும் பார்ப்பேன். எழுத மட்டும் மாட்டேன். ஒன்றரை வருடம் வீம்பாக அப்படியே இருந்தேன். அதற்குள் குழுவில் மூவாயிரம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

போன மாசிக் கடைசியில் ரஞ்சன்குடி மெக்கானிக் தமிழழகன் ஒரு சந்தேகம் போட்டான். குஞ்சம்மாள் என்ற விவசாயியின் போரில் மோட்டார் பத்து நிமிடம் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. அந்த அம்மாளுக்கு இருப்பது அந்த ஒரு போர்தான். சின்ன வெங்காயம் நட்டு நாற்பது நாள், காய் திரளும் சமயம். சட்டப்படி அளவெல்லாம் போட்டிருந்தான். வோல்ட் மூன்றும் சரியாக இருந்தது. ஆம்பியர் மூன்றும் மூன்று விதமாக இருந்தது. ஆம்பியர் பார்க்கும் டாங் டெஸ்டரைப் படமும் எடுத்துப் போட்டிருந்தான்.

மேகலா பார்த்தாள். வோல்ட் சரி, ஆம்பியர் மட்டும் தாறுமாறு. அப்படியென்றால் கோளாறு கீழே காயிலில் இருக்க வேண்டும். மோட்டாரை மேலே எடுங்கள் என்று பதில் எழுதினாள். புத்தகப்படி அது சரியான பதில்தான்.

நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டாங் டெஸ்டரின் நிழல் அதன் அடியிலேயே சுருங்கிக் கிடந்தது. உச்சி வெயில் நேரம். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் மூன்று பேஸ் வருவதில்லை. வோல்ட்டைக் காலையில் அளந்திருக்கிறான், ஆம்பியரை மத்தியானம் கண்டன்சரோடு அளந்திருக்கிறான், கண்டன்சரைப் பற்றிச் சொன்னால் தூக்கிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறான். எனக்கு எல்லாமே விளங்கிவிட்டது. ‘கண்ட’ என்று மூன்று எழுத்து அடித்தேன். பிறகு அழித்தேன். என் வாயை அடைத்தாளே, அனுபவிக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். சோறு நன்றாகவே இறங்கியது.

மறுநாள் முக்காலி போட்டு மோட்டாரை எடுத்தார்கள். மூன்றாவது குழாயைக் கழற்றும்போது அடுத்த குழாயின் மரை தேய்ந்து போயிருந்தது தெரிந்தது. தெரிவதற்குள் அது கழன்றுவிட்டது. மீதிக் குழாயும் மோட்டாரும் போருக்குள் போய்விட்டன.

அன்று சாயங்காலம் குஞ்சம்மாளின் குரல் குழுவில் வந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. “மேகலா, நீ சொன்னியேன்னுதாம்மா எடுத்தோம். மோட்டாரும் போச்சு, போரும் போச்சு. வெங்காயம் இன்னும் ஒரு வாரந்தான் தாங்கும். நான் என்னம்மா செய்வேன்?”

குழு கொதித்தது. இருநூறு பேர் வெளியேறினார்கள். போனில் மோட்டார் பார்க்கிற லட்சணம் இதுதான் என்றார்கள். சிலர் தமிழழகனைப் போட்டுக் காய்ச்சினார்கள். மேகலா இரண்டே வரி எழுதினாள். தமிழழகன் மேல் தப்பில்லை, எடுக்கச் சொன்னது நான். நாளைக் காலை ரஞ்சன்குடிக்கு வருகிறேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அரியலூர் பஸ்ஸிலிருந்து தோளில் ஒரு டூல் பையோடு மேகலா இறங்கினாள். அதுவரை அவளை நேரில் பார்த்ததில்லை. நான்தான் வேணுகோபால் என்றேன். “நீங்க எதுக்குண்ணே வெயில்ல வந்து நிக்கிறீங்க?” என்று கேட்டாள். வண்டியில் ஏறு என்று மட்டும் சொன்னேன்.

குஞ்சம்மாளின் வயலில் வெங்காயத் தாள் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. நான் நேரே மோட்டார் கொட்டகைக்குள் போனேன். ஸ்டார்ட்டருக்குப் பின்னால் ஓர் உரச் சாக்கு கிடந்தது. அதை இழுத்துப் போட்டேன். அடியில் கண்டன்சர், வயிறு உப்பிப்போய்க் கிடந்தது. அதை மாற்றியிருந்தால் அரைமணி நேர வேலை. மோட்டாரைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

மேகலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தமிழழகன் தலையைக் குனிந்துகொண்டான். குஞ்சம்மாள்தான் வாயைத் திறந்தாள். “கண்டன்சர்னு எழுதுனா குழுவ விட்டே தூக்கிப்புடுவாங்கன்னு சொன்னான். அதான் சாக்கப் போட்டு மூடினோம்” என்றாள்.

இனி நானும் மறைத்துப் பயனில்லை. “எனக்குத் தெரிஞ்சுதாம்மா இருந்துச்சு. படத்தப் பாத்ததுமே தெரியும்” என்றேன்.

“ஏண்ணே சொல்லல?” என்றாள் மேகலா.

“ஒரு தடவ சொன்னேன். வாய அடச்சிட்ட.”

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் என் கோபமும் கிளம்பியிருக்கும், எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் வரப்பில் போய் உட்கார்ந்தாள். “எங்கப்பா மேல பழி போட்டப்ப ஒருத்தரும் என்ன ஆச்சுன்னு கேக்கலண்ணே. கேக்குறதுக்குன்னு ஒரு எடம் வேணும்னுதான் இதத் தொடங்குனேன். கடைசில நானே சொல்ல விடாம பண்ணிட்டேன்” என்றாள். முப்பது வருடத் தொழிலில் அன்று பட்ட வெட்கம் நான் என்றும் பட்டதில்லை.

அங்கேயே உட்கார்ந்து குழுவுக்கு எழுதினாள். ‘முடிவு’ என்றுதான் தலைப்பு. கோளாறு கண்டன்சரில், காயில் என்று சொன்னது தவறு, அதைவிடப் பெரிய தவறு என் நாலாவது சட்டம், அதனால்தான் உண்மை மறைந்தது, அந்தச் சட்டம் இன்றோடு இல்லை, இனி அளவு போடும்போது கண்டன்சரோடு எடுத்ததா இல்லையா என்று சொல்லுங்கள், ஊர், பெயர் எதுவும் சொல்ல வேண்டாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை அதில் இல்லை. அதற்கு அடியில் நானே எழுதினேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தவன் வேணுகோபால் என்று.

அடுத்து அவளே ஒரு சந்தேகம் கேட்டாள். போரின் ஆழம், அகலம், குழாயின் அளவு, விழுந்த தூரம், எல்லாம் சட்டப்படி அளந்து போட்டாள். உள்ளே விழுந்ததை எடுக்க யாருக்கு வழி தெரியும்? அனுப்பிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். தவறு செய்த தனக்கும் ஏழு நாள் பூட்டுப் போட வேண்டும் என்றாள். குழுவைத் தொடங்கியவரின் வாயை டெலிகிராமில் யாரும் அடைக்க முடியாதாம். அதனால் குழுவின் உரிமையையே வேறொருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். என் பெயருக்கு மாற்றினாள். அவள் பெயரைத் தொட்டு, ஏழு நாள் என்று நான் அழுத்தினேன்.

அடுத்த ஐந்து நாள் அந்தக் குழுவை நடத்த நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வரக் கூடாது. காலை வணக்கம் போட்டவனைத் தூக்க வேண்டும், அளவில்லாமல் பதில் சொல்பவனை அடக்க வேண்டும், ஒருவனும் மனசு நோகக் கூடாது. இத்தனை வருடம் இதையெல்லாம் அவள் சிரித்த முகத்தோடு செய்திருக்கிறாள். எனக்கு இரண்டாம் நாளே போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

ஆனால் ஆட்கள் வந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ராஜவேல் என்பவர் போருக்குள் விடும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்தார். உள்ளே குழாயின் வாய் மேலே பார்த்தபடிதான் இருந்தது. குழாய்க்குள் நுழைந்து உள்ளிருந்து கவ்வும் கருவி ஒன்றை அரியலூர் லேத்தில் கடைந்து கொண்டுவந்தார்கள். முதல் இரண்டு முறை வழுக்கியது. ஒயர் சுருண்டு குழாயின் வாயை மறைக்கிறது, முதலில் அதைக் கொக்கி போட்டு ஒதுக்குங்கள் என்று, கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் குழுவில் எழுதினார். யார் தெரியுமா? முன்பு மத்தியானத்துச் சந்தேகம் கேட்ட அந்த லால்குடிக்காரர்.

மேகலா கடையில் லீவு சொல்லிவிட்டு தினமும் வந்தாள். போரடியில் சங்கிலியைப் பிடித்து இழுத்தாள், கேமராவைப் பார்த்து ஆளுக்கு வேலை சொன்னாள். குழுவில் மட்டும் ஓர் எழுத்து எழுதவில்லை. ஆறாம் நாள் காலை பத்து மணிக்குக் கருவி கவ்வியது. எட்டுப் பேர் சேர்ந்து ஒவ்வொரு குழாயாக ஏற்றினோம். மோட்டார் வெளியே வந்தது. அதைச் சாக்கில் கிடத்தி அளந்தேன். காயில் நன்றாக இருந்தது. பம்பின் அடி மட்டும் நசுங்கியிருந்தது. என் கடையிலிருந்த பம்பை மாட்டி, புதுக் குழாய் போட்டு இறக்கினோம். மூன்று பேஸ் வரும்வரை காத்திருந்து குஞ்சம்மாள் கையால் சுவிட்சைப் போடச் சொன்னோம்.

தண்ணீர் முதலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. குஞ்சம்மாள் மண்வெட்டியோடு ஓடிப்போய் முதல் மடையைத் திறந்தாள். திரும்பி வந்து தமிழழகனின் போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். “முடிவு: தண்ணி வந்துருச்சு. வெங்காயம் பொழச்சுக்கும்.”

குழுவில் பாராட்டு மழை. எல்லாரும் மேகலா எங்கே என்றுதான் கேட்டார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். எனக்கும் பொறுக்கவில்லை, அவள் பூட்டைத் திறந்துவிடப் போனேன். மேகலா என் கையைப் பிடித்துத் தடுத்தாள். “உங்களுக்கு ஏழு நாள்னா எனக்கும் ஏழு நாள்தாண்ணே. நாளைக்கும் ஒரு நாள் இருக்கு” என்றாள்.

எட்டாம் நாள் காலை பூட்டுத் திறந்தது. மூவாயிரம் பேரும் என்ன எழுதப்போகிறாள் என்று காத்திருந்தோம். ஒரு நோட்டுப் பக்கத்தின் படம் வந்தது. அவள் கையெழுத்தில் ஒன்றரை வருடத்துக்கு முந்திய தேதி, வேணுகோபால், பெரம்பலூர் என்று என் பெயர், அவள் அன்று தூக்கிய என் நாலு வரி, ஓர் எழுத்து மாறாமல். ஏன் தூக்கினாள் என்ற இடத்தில் பழைய காரணத்தை அடித்துவிட்டு, ‘என் தவறு’ என்று எழுதியிருந்தாள். குழுவில் நுழைபவர் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்சியில் நிறுத்தச் சொன்னாள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் ஆள் இருந்ததால் கண்ணில் தூசி என்று சமாளித்தேன். பிறகு அவளைப் போனில் கூப்பிட்டு, குழுவின் உரிமையைத் திரும்ப அவள் பெயருக்கே மாற்றித் தருவதாகச் சொன்னேன். இந்தத் தலைவலி எனக்கு வேண்டாம் என்றும் சொன்னேன்.

“அது உங்க பேர்லயே இருக்கட்டும்ணே. நாளைக்கி நான் தப்புப் பண்ணுனா என் வாய அடக்கவும் ஒரு ஆளு வேணும்ல” என்றாள்.

அது இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. நடத்துகிறவள் அவள்தான்.